இடப்பக்கக் கல், வலப்பக்க எழுத்து: குப்புறப் படுக்கவைத்து எடுத்த ஒரு சி.டி. ஸ்கேன் பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு ஸ்கேன் மையத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அங்கே டெக்னீஷியன்களுக்குப் பொறுப்பாக இருப்பவன் நான். நோயாளி, டாக்டர்கள், ஆஸ்பத்திரி எதற்கும் பெயர் போடவில்லை; ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். முடிவில் யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் தீங்கு நேராமல் போனதில் எங்கள் மையத்து ஏற்பாடு எதற்கும் பங்கில்லை. எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

பின்னணி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் எங்கள் மாலை நேரப் பட்டியலில் கல் வலிக்காரர்கள் கூடிவிடுவார்கள். வெயிலில் வேலை, வியர்வை, போதிய தண்ணீர் இல்லை. வண்டி ஓட்டுபவர்கள் பாடு இன்னும் மோசம். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுவார்கள்.

இவரும் அப்படித்தான். வயது 46, லோடு வேன் ஓட்டுநர். 4 நாட்களாக இடது விலாவில் தொடங்கி தொடைச்சந்து வரை இறங்கும் வலி. மாத்திரையில் அடங்கவில்லை. ஒரு நர்சிங் ஹோமில் பார்த்த யூராலஜி டாக்டர் ‘ப்ளைன் சி.டி. கே.யு.பி.’ எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றையும் மருந்து ஊசி போடாமல் எடுக்கும் ஸ்கேன் அது. சீட்டில் ‘இடப்பக்க வலி’ என்று தெளிவாக இருந்தது.

அன்று மாலை

இரவு 8 மணி இருக்கும். சி.டி. அறையில் இருந்தவர் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து 4 மாதமே ஆன பெண். நான் எம்.ஆர்.ஐ. பக்கம் இருந்தேன். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் சொல்லும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட், மாலைக்கு மேல் வீட்டிலிருந்தே அவற்றைப் பார்ப்பார்.

முதலில் மல்லாந்து படுக்கவைத்து, தலை முன்னே போக, வழக்கமான ஸ்கேன். வலியில் நெளிந்தாலும் மனிதர் மூச்சை அடக்கி ஒத்துழைத்தார். இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. இடது சிறுநீர்க்குழாயும் கீழ்வரை விரிந்திருந்தது. அந்தக் குழாய் சிறுநீர்ப்பையில் சேரும் இடத்தில் 8 மி.மீ. கல். எங்கள் பேச்சில் அந்த இடம் ‘வி.யு.ஜே.’. வலது இடுப்புக்குள் தனியாக ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியும் இருந்தது. அது ஃபிளெபோலித், அதாவது சிரைக்குள் சுண்ணம் படிந்து உண்டாகும் பொட்டு. நடுவயதுக்காரர்களின் இடுப்புப் படத்தில் அடிக்கடி பார்ப்பதுதான், சிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதையில் அந்தப் பொட்டுக்கும் ஒரு வேடம் உண்டு.

படங்கள் போனதும் ரேடியாலஜிஸ்ட் போன் செய்தார். “ஸ்டோன் வி.யு.ஜே.லயே நிக்குதா, பிளாடருக்குள்ள விழுந்துடுச்சான்னு சரியா தெரியலம்மா. குப்புற படுக்க வெச்சு, பிளாடர் லெவல்ல மட்டும் ஒரு ரன் எடுத்துடு.”

இது நல்ல யோசனை, பழைய யோசனையும்கூட. மல்லாந்து படுத்தால் சிறுநீர்ப்பைக்குள் உருண்டு கிடக்கும் கல்லும் பின்சுவரில்தான் போய் உட்காரும்; குழாய் வாயில் சிக்கிய கல்லும் அதே பின்சுவரில்தான் நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆளைக் குப்புறப் போட்டால், விழுந்துவிட்ட கல் முன்சுவருக்கு உருண்டுவிடும். சிக்கிய கல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். கருவியை இயக்கும் கம்ப்யூட்டரான கன்சோலில் அதே பரிசோதனையின் கீழ் இன்னொரு ரன், அதாவது இன்னொரு சுற்று ஸ்கேன், சேர்க்கப்பட்டது. நோயாளி படுத்திருக்கும் நிலையைக் குறிக்கும் கட்டத்தில் முதல் ஸ்கேனுக்குப் பதிந்த ‘ஹெட் ஃபர்ஸ்ட் சுபைன்’ (தலை முன்னே, மல்லாந்து) அப்படியே இருந்தது. அதை ‘ஹெட் ஃபர்ஸ்ட் ப்ரோன்’ (தலை முன்னே, குப்புற) என்று மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. இது முதல் தவறு.

கல் நகரவில்லை, சிக்கித்தான் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிறகு பிலிம் போடும் வேலை. குப்புறப் படுத்த படத்தில் முதுகெலும்பு மேலே, வயிறு கீழே. பார்க்கத் தலைகீழாக இருந்ததால், அந்தப் பெண் படத்தை மேல்கீழாகப் புரட்டும் ‘ஃபிளிப்’ பொத்தானை அழுத்தினார். முதுகெலும்பு கீழே வந்தது. படம் வழக்கமான படம் போலவே ஆனது. பிலிமில் கடைசி 2 வரிசை இந்தப் படங்கள். இது இரண்டாவது தவறு. முதலாவதைவிடப் பெரியது என்பது என் கருத்து.

பிலிமும் ரிப்போர்ட்டும்

ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டின் விவரப் பகுதியை மல்லாந்த படங்களைப் பார்த்துச் சொன்னார்: இடது சிறுநீரக வீக்கம், இடது வி.யு.ஜே. கல். முடிவுரை வரியைச் சொல்லும்போது அவர் திரையில் நின்றது கடைசித் தொகுப்பு, பிலிமுக்காகப் புரட்டிச் சேமித்த அதே படங்கள். அதில் கல் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம், வலப்பக்கத்தைக் குறிக்கும் ‘ஆர்’ என்ற எழுத்துக்கு அருகில் இருந்தது. முடிவுரையில் ‘வலது வி.யு.ஜே. கல்’ என்று விழுந்துவிட்டது.

ஒரே தாளில் மேலே இடது, கீழே வலது. தட்டச்சு செய்தவரும் கவனிக்கவில்லை, கையெழுத்தானபோதும் கண்ணில் படவில்லை. ரிப்போர்ட்டை வாங்கும் இடங்களில் பெரும்பாலும் படிக்கப்படுவது கீழே தடித்த எழுத்தில் உள்ள கடைசி இரண்டு வரிதான். இதை யாரையும் குறைசொல்ல எழுதவில்லை. நானும் என் அம்மாவின் ரிப்போர்ட்டை அப்படித்தான் படித்தேன்.

மறுநாள் அவர் நர்சிங் ஹோமில் சேர்ந்தார். அதற்கடுத்த நாள் காலை சிறுநீர்ப்பாதை வழியாக ஸ்கோப் விட்டு லேசரில் கல்லை உடைக்கத் தேதி. டாக்டரின் சொந்தக் குறிப்பில் ‘இடது’ என்றே இருந்தது. வார்டில் தயாரான சம்மதப் படிவத்தில் மட்டும் ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பார்த்து ‘வலது’ என்று எழுதியிருந்தார்கள்.

காலையில் வந்த போன்

காலை 6.40. வார்டு சிஸ்டர் எங்கள் மைய எண்ணுக்குக் கூப்பிட்டார். கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டியபோது நோயாளியின் மனைவி அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். “சிஸ்டர், இவருக்கு இடது பக்கம்தான வலி? இதுல வலதுன்னு போட்டிருக்கே?” என்று கேட்டிருக்கிறார்.

சிஸ்டர் அதை ஒதுக்கிவிடவில்லை. பிலிமை லைட் பாக்ஸில் மாட்டிப் பார்த்தார். மேல் வரிசைகளில் கல் ஒரு பக்கம், கீழ் வரிசைகளில் மறுபக்கம். “ரெண்டு பக்கமும் கல்லு இருக்கா? இல்ல படம் மாறிப்போச்சா? எனக்குப் புரியல, நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார்.

இங்கேதான் அந்த ஃபிளெபோலித் குழப்பியது. மேல்வரிசையில் இடப்பக்கம் கல், வலப்பக்கம் பொட்டு. புரட்டிய கீழ்வரிசையில் ‘வலப்பக்கம்’ கல், ‘இடப்பக்கம்’ பொட்டு. இரு பக்கமும் ஏதோ வெள்ளையாக இருப்பதால், அவசரக் கண்ணுக்கு இரண்டும் ஒத்துப்போவது போலத்தான் தெரியும். பொட்டு மட்டும் இல்லாதிருந்தால் முரண்பாடு முதல் நாளே முகத்தில் அடித்திருக்கும்.

கன்சோலில் கண்டது

அரை மணி நேரத்தில் மையத்துக்குப் போய்ப் படங்களைத் திறந்தேன். பிலிமை நம்பாமல் கருவியில் பதிவான மூலப் படங்களிலிருந்து தொடங்கினேன். எழுத்துகளைக் கையால் மறைத்துக்கொண்டு உடம்பை மட்டும் பார்த்தேன்.

முதலில் மேஜை. சி.டி. படத்தில் நோயாளிக்குக் கீழே மேஜை ஒரு வளைந்த கோடாகத் தெரியும். மூலப் படத்தில் அது வயிற்றுப் பக்கம் இருந்தது. ஆக ஆள் குப்புறப் படுத்திருக்கிறார், சந்தேகமில்லை. பிலிமிலோ அதே கோடு வயிற்றுக்கு மேலே கூரை போலத் தொங்கியது. மேஜை ஆளுக்கு மேலே வராது.

அடுத்து குடலுக்குள் இருந்த காற்றும் நீரும். காற்று எப்போதும் மேலே எழும், நீர் கீழே தங்கும். மூலப் படத்தில் அப்படியே இருந்தது. பிலிமில் நீர் மேலே, காற்று அடியில். கவிழ்த்துவைத்த சொம்பில் தண்ணீர் நிற்பதைப் போல. அந்த ஒரு கட்டம்தான் எனக்கு முழுவதையும் விளக்கியது. 2 நாட்களாக எத்தனையோ கண்கள் அதைக் கடந்து போயிருக்கின்றன.

மூன்றாவது, இடம் வலம். மேல்வயிறாக இருந்தால் ஈரல் ஒன்றே போதும், அது வலப்பக்கம். ஆனால் இந்த ரன் சிறுநீர்ப்பை மட்டத்தில் மட்டும் எடுத்தது. ஈரல் இல்லை, மண்ணீரல் இல்லை. இடுப்புக்குள் எலும்பும் தசையும் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தேடியதில் மேல் விளிம்பில் பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தின் நுனி கிடைத்தது. அது வலப்பக்கத்து உறுப்பு. கருவி அதன் அருகில் போட்டிருந்த எழுத்து ‘எல்’, அதாவது இடது.

கடைசியாக எழுத்துகளைப் பார்த்தேன். முதுகெலும்பின் மேல் ‘ஏ’ என்று இருந்தது, அதாவது முன்பக்கம். யார் கண்ணிலாவது பட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பிலிம் அமைப்பில் இடது ஓரத்து எழுத்து மட்டும்தான் அச்சாகும். மேல் எழுத்து வராது.

தளங்களும் எழுத்துகளும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நடந்ததெல்லாம் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

உடம்பை வெட்டிப் பார்க்கும் தளங்கள் 3. ஆக்ஸியல், அதாவது குறுக்குத்தளம்: காசிமேட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போடுவது போல. ஒவ்வொரு துண்டிலும் நடுவில் முள், சுற்றிச் சதை. சஜிட்டல்: உடம்பை இடம் வலமாகப் பிரிக்கும் நெடுக்குவெட்டு. கொரோனல்: முன் பாதி, பின் பாதி என்று பிரிப்பது. மூன்றுமே அறைக்கோ கருவிக்கோ கட்டுப்பட்டவை கிடையாது. ஒருவர் நிமிர்ந்து நின்று, முகம் நேரே பார்க்க, உள்ளங்கை முன்புறம் தெரியக் கையைத் தொங்கவிட்டால் எப்படியோ, அந்த நிலையை வைத்தே முன், பின், இடம், வலம் எல்லாம். ஆள் குப்புறப் படுத்தாலும் அவருடைய முன்பக்கம் முன்பக்கம்தான்; தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

பார்க்கும் கோணத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆக்ஸியல் படத்தைக் கட்டிலின் கால்மாட்டில் நின்று தலைப்பக்கம் பார்ப்பதுபோல வைப்போம். கொரோனலை ஆளுக்கு எதிரே நின்று பார்ப்பதுபோல. இரண்டிலும் நோயாளியின் வலம் நமக்கு இடக்கைப் பக்கம் வரும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் அர்த்தநாரீசுவரரைச் சொல்வேன். அம்மை இடப்பாகம் என்பது எல்லோருக்கும் தெரியும். சன்னதியில் நின்று பார்த்தால் அம்மை நமக்கு வலக்கைப் பக்கம் இருப்பாள். அங்கே யாரும் குழம்புவதில்லை, அவருடைய இடம் அவருக்கு. பிலிம் முன்னால் மட்டும் குழம்புகிறோம்.

சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தபோது கிடைத்தது குறுக்குவெட்டு மட்டுமே. ‘கேட் ஸ்கேன்’ என்ற பழைய பெயரில் உள்ள நடு எழுத்து ‘ஆக்ஸியல்’தான். இன்று மெல்லிய துண்டுகளாக எடுத்து, அவற்றை அடுக்கி, எந்தத் தளத்திலும் மறுபடி வெட்டிக் காட்டுகிறது கம்ப்யூட்டர். அப்படி அடுக்குவதற்கு, எந்தப் பக்கம் எது என்று அதற்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

சொல்வது நாம்தான். மருத்துவப் படங்களைச் சேமிக்கும் பொது வடிவம் டைகாம். ஒவ்வொரு டைகாம் படத்தோடும் சில எண்கள் போகின்றன. நோயாளியின் இடப்பக்கம் நோக்கி ஒரு அச்சு, முதுகு நோக்கி ஒன்று, தலை நோக்கி ஒன்று. படத்தின் கிடைவரிசையும் நெடுவரிசையும் இந்த அச்சுகளோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதை 6 எண்கள் சொல்லும். மல்லாந்து, தலை முன்னே, சாய்வில்லாமல் எடுத்த சாதாரண படத்தில் அவை 1, 0, 0, 0, 1, 0. இந்தக் குப்புறத் தொகுப்பைத் திறந்தால் அதே 1, 0, 0, 0, 1, 0 இருந்தது. கருவிக்கு ஆள் எப்படிக் கிடக்கிறார் என்று தெரியாது. மேஜையின் எந்தப் பக்கம் எது என்பது மட்டும் தெரியும். மிச்சத்தை நாம் பதிந்ததை வைத்துக் கணக்குப் போட்டு எழுத்தை ஒட்டுகிறது. பழைய எக்ஸ்-ரேயில் ஈயத்தாலான ‘ஆர்’ எழுத்தை நோயாளியின் வலப்பக்கத்தில் நம் கையாலேயே வைத்தோம். அது கூடவே படத்தில் விழுந்தது. சி.டி.யில் விழுவது நாங்கள் தட்டிய பதிலின் எதிரொலி.

இப்போது இரண்டு தவறுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். முதல் தவறோடு நின்றிருந்தால் படம் உண்மைதான், எழுத்து மட்டும் பொய். முதுகெலும்பு மேலே இருப்பதே பார்ப்பவரை உசுப்பிவிடும். படத்தைப் பாதிச் சுற்று சுழற்றியிருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. சுழற்றினால் உடம்பு உடம்பாகவே இருக்கும். கூடவே எழுத்துகளும் சுழன்று ‘எல்’ இடக்கைப் பக்கம் வந்து நின்று உறுத்தும். புரட்டுவது அப்படியில்லை, அது கண்ணாடிப் பிம்பம். இடது கால் செருப்பை எப்படிச் சுழற்றி வைத்தாலும் அது இடது கால் செருப்புதான். கண்ணாடியில் காட்டினால் வலது கால் செருப்பாகிவிடும். அன்று பிலிமில் அச்சானது அந்த மனிதரின் உடம்பே கிடையாது. அதோடு, தவறான எழுத்தும் புரட்டிய படமும் சேர்ந்து வழக்கமான தோற்றத்தைக் கொடுத்துவிட்டன. முதுகெலும்பு கீழே, ‘ஆர்’ இடக்கைப் பக்கம். உறுத்துவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

7.15 மணிக்கு சிஸ்டரைக் கூப்பிட்டு, “கல் இடப்பக்கம் மட்டும்தான். கீழ் 2 வரிசையைப் பார்க்க வேண்டாம். ரேடியாலஜிஸ்ட் பேசும்வரை தியேட்டருக்கு அனுப்பாதீங்க” என்றேன். எது எந்தப் பக்கம் என்று ரிப்போர்ட் சொல்வது டெக்னீஷியனின் வேலையில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பிலிமில் தப்பு இருக்கிறது என்று சொல்வது என் வேலைதான். ரேடியாலஜிஸ்ட் எழுந்து படம் பார்த்து முடிக்கும்வரை அதை வாயில் வைத்துக்கொண்டிருப்பதில் நியாயம் இல்லை. அவரையும் உடனே கூப்பிட்டேன். 10 நிமிடத்தில் படங்களைப் பார்த்துவிட்டு யூராலஜி டாக்டரிடம் நேரிலேயே பேசினார்.

குப்புற ஸ்கேனை மறுபடி எடுக்கலாமா என்று மையத்தில் ஒரு கேள்வி எழுந்தது. வேண்டாம் என்று முடிவானது. தெரிய வேண்டியது தெரிந்தாகிவிட்டது. மல்லாந்த படங்கள் சரியாக இருக்கின்றன. எங்கள் பதிவேட்டைச் சுத்தமாக்க நோயாளி இன்னொரு முறை கதிர்வீச்சு வாங்க வேண்டியதில்லை. பதிலாக, நர்சிங் ஹோமில் கட்டில் பக்கத்திலேயே ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது, வலது சாதாரணமாக இருந்தது.

தவறான தொகுப்பை அழித்துவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் படத்தை வைத்து ஒரு ரிப்போர்ட் வெளியே போயிருக்கிறது. படத்தை அழித்தால் ரிப்போர்ட் ஏன் அப்படி வந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது. மூலத் தொகுப்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, ‘நோயாளி நிலை தவறாகப் பதியப்பட்டது’ என்று குறிப்புச் சேர்த்தோம். புரட்டிய பிரதியைப் பார்வையிலிருந்து நீக்கினோம். திருத்திய ரிப்போர்ட் தேதி, நேரத்தோடு பிற்சேர்க்கையாகப் போனது. எது மாறியது என்று முதல் வரியிலேயே சொன்னோம். பழைய பிலிமைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தோம்.

நோயாளியின் மனைவியிடம் யார் சொல்வது என்பதில் கொஞ்சம் இழுபறி. டாக்டரே சொன்னார். ஸ்கேன் படத்தில் பக்கம் மாறி அச்சாகிவிட்டது, நீங்கள் கேட்டதால் தெரிந்தது என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். “அதான் பாத்தேன்” என்றாராம்.

பின்பு நடந்தது

ஆபரேஷன் 2 மணி நேரம் தள்ளிப்போனது. புதிய படிவம், இடது தொடையில் பேனாவால் அம்புக்குறி, தியேட்டரில் மயக்கம் கொடுக்குமுன் ஒருமுறை, ஸ்கோப் எடுக்குமுன் ஒருமுறை பக்கத்தைச் சத்தமாகச் சொல்லி உறுதிசெய்தது எல்லாம் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வழிமுறைதான். இடது வி.யு.ஜே.யில் கல் இருந்தது, உடைத்து எடுத்தார்கள். சிறுநீர் தடையில்லாமல் இறங்க சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாயான டி.ஜே. ஸ்டென்ட் ஒன்று வைத்து 2 வாரம் கழித்து எடுத்தார்கள்.

தவறிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டாக்டரின் குறிப்பில் இடது என்று இருந்ததால் அவரே தியேட்டரில் நிறுத்தியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. நிறுத்தாவிட்டால், நன்றாக இருந்த வலது குழாய்க்குள் ஸ்கோப் போயிருக்கும். இந்தச் சிகிச்சையில் தோலில் கீறல் கிடையாது. உள்ளே போகும் வழி இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. அதனால் பக்கம் மாறுவதை வெளியிலிருந்து எதுவும் தடுக்காது.

ஏன் நடந்தது

அந்தப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து பேசினேன். நிலையை மாற்ற மறந்ததை உடனே ஒப்புக்கொண்டார். ஃபிளிப் ஏன் அழுத்தினீர்கள் என்றபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கதானேண்ணா சொன்னீங்க, முதுகெலும்பு கீழதான் இருக்கணும்னு” என்றார்.

சொன்னேன்தான். அவர் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு குப்புறப் படத்தை அப்படியே பிலிமில் போட்டுவிட்டார். வெளியிலிருந்து ஒரு டாக்டர் ‘என்ன தலைகீழாப் போட்டு அனுப்புறீங்க’ என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தை நான் அப்படியே இவர்மேல் இறக்கினேன். படம் நேராகத் தெரிய வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். எதனால் நேராகிறது என்று கற்றுக்கொடுக்கவில்லை. சுழற்றுவதற்கும் புரட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளும் அவரிடம் பேசியதில்லை. கன்சோலில் இரண்டு பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

முந்தைய மாதங்களில் எடுத்த குப்புறத் தொகுப்புகளைத் தேடித் திறந்து பார்த்தோம். இன்னொன்றிலும் நிலை மாற்றப்படாமல் இருந்தது. எடுத்தவர் வேறொருவர், அனுபவம் உள்ளவர். அது நுரையீரல் ஸ்கேன். இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது படத்திலேயே தெரிந்ததால் யாரும் ஏமாறவில்லை, அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை. இது தெரிந்த பிறகு ‘புதுப்பொண்ணு, அனுபவம் பத்தல’ என்ற பேச்சு மையத்தில் நின்றது.

மாற்றியவை

குப்புற ரன்னுக்குத் தனி நெறிமுறை ஒன்றைக் கன்சோலில் உருவாக்கினோம். அதில் நிலை முன்கூட்டியே ‘ப்ரோன்’ என்று இருக்கும். மல்லாந்ததன் கீழ் ரன் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம். ஆளைத் திருப்பிய பிறகு, அறைக்குள் இருப்பவர் “தலை உள்ளே, முகம் கீழே” என்று குரல் கொடுக்க வேண்டும்; கன்சோலில் இருப்பவர் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது.

வலது இடுப்பில் ஒரு வைட்டமின்-இ மாத்திரையைப் பிளாஸ்டரால் ஒட்டுகிறோம். எம்.ஆர்.ஐ.யில் பக்கம் குறிக்கப் பழக்கமான வழி. உள்ளே இருப்பது எண்ணெய் என்பதால் சி.டி.யிலும் கொழுப்பின் அடர்த்தியில் தெளிவாகத் தெரியும். பழைய ஈய எழுத்தின் இடத்தில் இப்போது இந்த மாத்திரை. உடம்போடு சேர்ந்து விழும் அடையாளம், யார் என்ன தட்டினாலும் மாறாது. நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

பிலிமில் குப்புறப் படங்கள் இனி வந்தபடியே அச்சாகும். முதுகெலும்பு மேலே இருக்கும், பக்கத்தில் ‘குப்புறப் படுத்து எடுத்தது’ என்று வரி இருக்கும், 4 ஓரத்து எழுத்துகளும் இருக்கும். அனுப்பும் டாக்டர்களுக்கு இதைக் கடிதமாக எழுதினோம். ஒருவர் மறுபடியும் கோபித்துக்கொண்டார். இந்த முறை அதை யார்மேலும் இறக்கவில்லை. ரேடியாலஜிஸ்ட் தன் பக்கத்தில், முடிவுரை எழுதுமுன் எந்தச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்ற வரியோடு பக்கத்தை ஒப்பிடுவதாக வைத்துக்கொண்டார்.

சுவரில் ஒரு போஸ்டரும் ஒட்டினோம். 2 வாரத்தில் அதன்மேல் டியூட்டி பட்டியல் ஏறிவிட்டது, நானே ஒட்டியதுதான்.

முடியாமல் நிற்பது ஒன்று. பிலிம் போடும் திரையிலிருந்து ஃபிளிப் பொத்தானை எடுத்துவிட முடியுமா என்று கருவி நிறுவனத்தின் இன்ஜினியரிடம் கேட்டோம். எங்கள் மென்பொருள் பதிப்பில் முடியாது என்றார். இப்போதைக்கு அந்தப் பொத்தான் வரும் இடத்தில் திரையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஓரம் ஏற்கெனவே உரியத் தொடங்கிவிட்டது. அடுத்த சர்வீஸுக்கு அவர் வரும்போது மறுபடி கேட்க வேண்டும்.